கல்லூரிச் செலவு: ரசீது போடும் முன்பே குறைக்கும் வழிகள்

கல்லூரிக் கட்டணத்தைப் பற்றிப் பல வீடுகளில் ஜூலை மாதத்தில்தான் கவலைப்படத் தொடங்குகிறார்கள். சீட் கிடைத்து, முன்பணம் கட்டி, மீதிக்கு நகையை வைக்கலாமா, வட்டிக்கு வாங்கலாமா என்று பேச்சு வரும்போதுதான். அந்த நேரத்தில் குறைக்க அதிகம் மிச்சமிருக்காது. பெரிய தொகை குறைவது இரண்டு இடங்களில்: எந்த ஒதுக்கீட்டில் சேருகிறோம், கையில் எந்தச் சான்றிதழ் இருக்கிறது. இரண்டுமே பிளஸ் டூ தேர்வு முடிந்த ஏப்ரல், மே மாதங்களில் தீர்மானமாகிவிடுபவை. பழைய புத்தகம் வாங்குவதும் கேன்டீன் செலவைக் குறைப்பதும் அதற்கு அப்புறம்.

முதல் வேலை, கல்லூரி கொடுக்கும் கட்டண விவரத்தைப் பிரித்துப் படிப்பது. போனில் கேட்டால் ஒரு தொகை சொல்வார்கள். கவுன்டரில் நிற்கும்போது வேறொரு தொகை வரும். டியூஷன் ஃபீஸ், சேர்க்கைக் கட்டணம், லேப், நூலகம், தேர்வுக் கட்டணம், சீருடை, அடையாள அட்டை, காஷன் டெபாசிட், பஸ், அப்புறம் ‘பிளேஸ்மென்ட் ட்ரெய்னிங்’ என்று ஒரு வரி. இதில் எது ஒருமுறை கட்டுவது, எது ஆண்டுதோறும் வருவது, எது திரும்பக் கிடைப்பது, எது கட்டாயமே இல்லாதது என்று நான்காகப் பிரித்து ஒரு தாளில் எழுதுங்கள். பஸ் பெரும்பாலும் கட்டாயமில்லை. ஊரிலிருந்து அரசுப் பேருந்து போகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடலாம். எல்லாவற்றையும் படிப்பு முடியும்வரை கூட்டிப் பாருங்கள். முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்துவிட்டு, ‘எப்படியோ சமாளிச்சுக்கலாம்’ என்று சேர்ந்தவர்கள்தான் இரண்டாம் ஆண்டில் கைமாற்றுக் கேட்டு அலைகிறார்கள்.

எந்தச் சீட் என்பதே பாதி விஷயம்

ஒரே கல்லூரி, ஒரே வகுப்பறை, ஒரே ஆசிரியர். ஆனால் பக்கத்து பெஞ்சில் இருப்பவர் கட்டுவதும் நீங்கள் கட்டுவதும் வேறு வேறாக இருக்கலாம். பொறியியலில் கவுன்சிலிங் இடத்துக்கும் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கும் கட்டண நிர்ணயக் குழு தனித்தனி உச்சவரம்பு வைக்கிறது. 2017-ல் அந்தக் குழு வைத்த வரம்பைப் பாருங்கள்: கவுன்சிலிங் இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவானால் 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, தர அங்கீகாரம் இருந்தால் 87,000. நான்காண்டுக்குக் கணக்குப் போட்டால் வித்தியாசம் மட்டுமே ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். தொகைகள் காலத்துக்கேற்ப மாறும்; இந்த இடைவெளி மட்டும் இருந்துகொண்டேதான் இருக்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் போனால் முதல் பட்டதாரி சலுகையும் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கவுன்சிலிங்குக்குள்ளேயே வருவதில்லை.

‘அந்தக் கோர்ஸ்தான் வேணும், அந்தக் காலேஜ்தான் வேணும்’ என்று பிடிவாதமாக இருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அதே பாடப்பிரிவு, கவுன்சிலிங்கில் உங்கள் கட்-ஆஃபுக்கு எந்தெந்தக் கல்லூரியில் கிடைக்கும் என்று பார்த்தீர்களா? ரேங்க் பட்டியல் வருவதற்கு முன்பே, பயந்துபோய் நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டுகிறவர்கள் ஏராளம். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதை 1992-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டமே தடைசெய்கிறது. ரசீது தர மறுக்கும் எந்தத் தொகையையும் கட்டாதீர்கள்.

கலை, அறிவியல் பக்கம் வந்தால் இன்னும் சுவாரசியம். அரசு உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றில் பி.காம். இரண்டு இருக்கும். ஒன்று எய்டட், மற்றது செல்ஃப் ஃபைனான்ஸ். பல இடங்களில் அது காலை ஷிப்ட், இது மதிய ஷிப்ட். பட்டம் ஒன்று, பல்கலைக்கழகம் ஒன்று. கட்டணம் மட்டும் பல மடங்கு வேறு. விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று டிக் செய்கிறோம் என்பதைக் கவனிக்காமலேயே விடுகிறவர்கள் உண்டு. அரசுக் கலைக் கல்லூரிகளிலோ இளநிலைக்குக் கற்பிப்புக் கட்டணமே இல்லை. ஆன்லைன் விண்ணப்பத்துக்கு 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும் என்பதுதான் பல ஆண்டுகளாக இருந்துவரும் கணக்கு. தனியாரில் சேர முடிவு செய்தவர்களும் இந்த ஐம்பது ரூபாயைக் கட்டி ஒரு விண்ணப்பம் போட்டுவைப்பது நல்லது. கடைசிச் சுற்றுகளில் இடங்கள் காலியாவது வழக்கம்.

தாலுகா ஆபீஸ் வேலை

இ-சேவை மையத்தில் வருவாய்த் துறைச் சான்றிதழ்களுக்கு எண்கள் உண்டு: 101 சாதி, 102 இருப்பிடம், 103 வருமானம், 104 முதல் பட்டதாரி. நான்கையும் மொத்தமாகக் கேளுங்கள். சாதிச் சான்று பள்ளியிலேயே எடுத்தது இருக்கும். பெரும்பாலும் இல்லாதவை 103-ம் 104-ம்தான். ரிசல்ட் வந்த வாரம் இ-சேவை வாசலில் கூட்டம் தெருவரைக்கும் நிற்கும். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று விண்ணப்பம் மேலே போய் வருவதற்குள் கவுன்சிலிங்கில் சான்றிதழ் பதிவேற்றும் கடைசி நாள் வந்துவிடும். ஆகவே தேர்வு முடிந்த கையோடு போடுங்கள்.

முதல் பட்டதாரி சலுகை 2010-ல் வந்தது. வீட்டில் இதற்கு முன் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. ஒற்றைச் சாளர முறையில் இடம் பெற்றிருக்க வேண்டும். சலுகைத் தொகையைக் கழித்துக்கொண்டுதான் கல்லூரி டியூஷன் ஃபீஸ் வாங்க வேண்டும். ரசீதில் கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ‘அரசாங்கத்துல இருந்து வந்ததும் திருப்பித் தர்றோம், இப்போ முழுசாக் கட்டுங்க’ என்று சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டாலே பல கவுன்டர்களில் குரல் மாறும்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தனி. மருத்துவத்துக்கு 2020-ல் வந்தது, 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. இதில் இடம் பெற்றவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்பதாக அந்த ஆண்டே அறிவித்தார்கள். இதற்கு வேண்டியது பள்ளித் தலைமையாசிரியரின் சான்று. இரண்டு பள்ளிகள் மாறியிருந்தால் இரண்டிலும் வாங்க வேண்டும், கோடை விடுமுறையில் தலைமையாசிரியரைப் பிடிப்பது ஒரு வேலை. மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) திட்டங்களும் இதே பள்ளிப் படிப்பை வைத்தே தொடங்கியவை. இப்போதைய விதிமுறையைக் கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம். இதில் பலர் கோட்டைவிடுவது தகுதியில் அல்ல, வங்கிக் கணக்கில். தொகை மாணவரின் ஆதார் இணைந்த கணக்குக்கு நேரே வருகிறது. பள்ளியில் தொடங்கிக் கொடுத்த கணக்கு வருஷக்கணக்கில் பரிவர்த்தனை இல்லாமல் முடங்கிக் கிடக்கும். பாஸ்புக் கையில் இருக்கும், பணம் வராது. வங்கிக்குப் போய், கணக்கு உயிரோடிருக்கிறதா, ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வந்தால் போதும்.

தொழில்நுட்பக் கல்வி கவுன்சிலின் ‘பிரகதி’ உதவித்தொகை மாணவிகளுக்கானது, ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் எட்டு லட்சம்வரை இருக்கலாம், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள்வரை வாங்கலாம். தனியார் பொறியியல் கல்லூரியில் மகளைச் சேர்த்த பெற்றோர் பலர் இந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பு.

கடன் வாங்கியே ஆக வேண்டுமென்றால்

சலுகையும் உதவித்தொகையும் கழித்த பிறகு மிச்சமிருக்கும் தொகைக்குத்தான் கடன். முதலில் கடன், அப்புறம் சலுகை என்று போனால் தேவைக்கு மேல் வாங்கிவிடுவோம். நான்கு லட்சம்வரை முன்தொகையோ சொத்து அடமானமோ கேட்பதில்லை; பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால் போதும். ஏழரை லட்சம்வரைக்கும் உத்தரவாதத் திட்டம் இருப்பதால் அடமானம் தேவையில்லை. 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டம், தேசியத் தரவரிசையில் முன்னணியில் இருக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் தருகிறது. உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று சேருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

வங்கியில், ‘உங்க வீடு எங்க பிராஞ்ச் ஏரியாவுல வரலைங்களே’ என்பார்கள். கல்விக் கடனுக்கு அந்த வரம்பு பொருந்தாது, அதைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. பணிவாக, ‘சார், மறுக்கிறதா இருந்தா காரணத்தை எழுதிக் குடுத்துடுங்க’ என்று கேளுங்கள். கல்லூரியிடம் கேட்டு வாங்கும் செலவு மதிப்பீட்டுக் கடிதத்தில் டியூஷன் ஃபீஸ் மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்து, விடுதி, தேர்வுக் கட்டணம், புத்தகம், லேப்டாப் எல்லாம் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். கடிதத்தில் இல்லாததற்கு வங்கியில் வழி பிறக்காது.

வட்டியைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம், பத்து சதவீதத் தனி வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடும். முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு, அடுத்ததுக்கு நான்கு, மூன்று, இரண்டு. மொத்தம் 1,40,000 ரூபாய். முதல் தவணை தொடங்கும்போது கடன் 5,40,000-ஆக நிற்கும். பத்தாண்டுத் தவணையில் மாதம் ஏறக்குறைய 7,136 ரூபாய். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் (முதலாண்டில் மாதம் 833, நான்காம் ஆண்டில் 3,333) தவணை 5,286 ரூபாயோடு நிற்கும். முதல் வேலையின் சம்பளத்தில் இப்படி மாதம் மிச்சமாகும் 1,850 ரூபாய் என்பது சென்னையில் ஷேர் ரூம் வாடகையில் ஒரு பகுதி. குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, தொழிற்படிப்பாகவும் இருந்தால் இந்தச் சலுகைக் கால வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் இருக்கிறது. அதற்கும் அந்த 103-ஆம் எண் சான்றிதழ்தான் வேண்டும்.

புத்தகம்

முதல் செமஸ்டர் முதல் வாரத்தில் எந்தப் புத்தகமும் வாங்காதீர்கள். பாடத்திட்டத்தில் ‘பாடநூல்’ என்றும் ‘மேற்கோள் நூல்’ என்றும் இரண்டு பட்டியல் இருக்கும். இரண்டாவது பட்டியல் நூலகத்துக்கு, உங்கள் பைக்கு அல்ல. மூன்று வாரம் வகுப்பைக் கவனித்தால், ஆசிரியர் எந்த நூலிலிருந்து நடத்துகிறார் என்பது தெரிந்துவிடும். சீனியரிடம் கேட்டால் இன்னும் சீக்கிரம் தெரியும்: ‘அக்கா, இந்தப் பேப்பருக்கு எந்த ஆத்தர்?’ அவர் சொல்லும் பதிலோடு பெரும்பாலும் அவருடைய புத்தகமும் பாதி விலைக்கு வந்துவிடும். கேட்க வேண்டியது ரெகுலேஷன் எந்த ஆண்டு என்று. பாடத்திட்டம் மாறியிருந்தால் யூனிட் வரிசை மாறியிருக்கும். மலிவாக வாங்கியும் பயனில்லை.

சென்னையில் மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகள் 1985 தீ விபத்துக்குப் பின் லில்லி பாண்ட் வளாகத்துக்கு இடம் பெயர்ந்தன. திருவல்லிக்கேணி பாரதி சாலைப் பக்கமும் பழைய புத்தகம் கிடைக்கும். கோவைக்காரர்களுக்கு உக்கடம். வெளிநாட்டு ஆசிரியர்களின் தடித்த நூல்களுக்கு இந்தியப் பதிப்பு மலிவாக இருக்கும். ஒரு பதிப்பு பழையதானாலும் கணிதத்திலும் அடிப்படை இயற்பியலிலும் பெரிதாக ஒன்றும் குறையாது. சட்டம், வரி, கணக்குத் தணிக்கைக்கு மட்டும் புதிய பதிப்பே வேண்டும்.

ஜெராக்ஸ் பற்றி எல்லோருக்கும் ஒரு தயக்கம் உண்டு. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை ஒன்றின் மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. வகுப்புக்கென்று பகுதிகளைத் தொகுத்து நகலெடுப்பது பதிப்புரிமை மீறல் அல்ல என்று 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. அதற்காக முழுப் புத்தகத்தையும் ஸ்பைரல் போட்டு விற்கும் கடைகளுக்கு இது லைசென்ஸ் ஆகிவிடாது.

இலவசத்தைத் தேடினால், 2003-ல் ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்கள் இருக்கின்றன. பார்க்கக் காசு இல்லை. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். கல்லூரி ‘கூடுதல் திறன் பயிற்சி’ என்று தனித் தொகை கேட்டால், அதே பாடம் அங்கேயோ ‘நான் முதல்வன்’ திட்டத்திலோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் செமஸ்டர் நேரத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்க ஏற்ற இடங்கள்.

வெளியே வரும்போது

வேறு கல்லூரியில் இடம் கிடைத்து விலகினால் பணம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே சொன்னால் முழுத் தொகை, சிறு பிடித்தத்தோடு. அதற்குப் பிறகு நாளாக ஆக 90, 80, 50 சதவீதம் என்று குறையும். கடைசி நாள் கழிந்து 30 நாள் தாண்டினால் ஒன்றுமில்லை. விலகும் கடிதத்தைக் கையில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது.

படிப்பை முடித்து டி.சி. வாங்கப் போகிறவர்கள், முதலாண்டில் கட்டிய காஷன் டெபாசிட் ரசீதையும் எடுத்துப் போங்கள். கல்லூரிக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று, சில இடங்களில் நூலகத்துக்குத் தனியாக ஒன்று என்று இருக்கும். கேட்காதவருக்கு அதை யாரும் அழைத்துக் கொடுப்பதில்லை.