மே மாத பில்லைப் பார்த்து சோலார் போடாதீங்க: பெரம்பலூர், அரியலூர் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் போதும்?

போன கோடையில அரியலூர் பக்கம் இருக்கும் என் தாய்மாமா போன் பண்ணினார். "மாப்ள, கரண்ட் பில் அஞ்சாயிரம் வந்திருக்குடா. சோலார்காரர் வந்து பார்த்துட்டு அஞ்சு கிலோவாட் போட்டா பில்லே வராதுன்னு சொல்றாரு. கையெழுத்து போட்டுடவா?"

"கொஞ்சம் பொறுங்க மாமா, கடைசி ஆறு பில்லையும் அனுப்புங்க" என்றேன். அந்த ஆறு பில்லை வைத்து அன்னைக்கு நாங்க போட்ட கணக்குதான் இந்தப் பதிவு. பேப்பர், பேனா எடுத்துக்கோங்க. உங்க வீட்டு எண்களைப் போட்டு கூடவே வாங்க.

படி 1: ஒரு பில் இல்ல, ஆறு பில்

தமிழ்நாட்டுல இரண்டு மாசத்துக்கு ஒரு பில். அப்போ ஒரு வருஷத்துக்கு ஆறு. மாமா வீட்டு யூனிட் இதுதான் (கணக்குக்கு வசதியா முழு எண்ணாக்கியிருக்கேன்):

- ஏப்ரல் – மே: 820
- ஜூன் – ஜூலை: 680
- ஆகஸ்ட் – செப்டம்பர்: 520
- அக்டோபர் – நவம்பர்: 400
- டிசம்பர் – ஜனவரி: 320
- பிப்ரவரி – மார்ச்: 460

மொத்தம் 3,200 யூனிட். கோடை பில் குளிர்கால பில்லைப் போல இரண்டரை மடங்கு. ஒரு ஏசி, நாலு ஃபேன், ஒரு ஃப்ரிட்ஜ், மோட்டார். நம்ம ஊர்ல இது சாதாரண வீடுதான்.

படி 2: யூனிட் விலை எல்லாம் ஒண்ணு இல்ல

இங்கதான் பலரும் கோட்டை விடுறாங்க. 2024 ஜூலை கட்டண அட்டவணைப்படி முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள்ள இருந்தா 101–200க்கு ரூ.2.35, 201–400க்கு ரூ.4.70, 401–500க்கு ரூ.6.30.

500ஐத் தாண்டினா ரூ.2.35 சலுகை போயிடும். 101–400 முழுக்க ரூ.4.70. அதுக்கு மேல 501–600க்கு ரூ.8.40, 601–800க்கு ரூ.9.45, 801–1000க்கு ரூ.10.50, அதுக்கும் மேல ரூ.11.55.

அதாவது ஏப்ரல்–மே பில்லோட கடைசி 20 யூனிட்டுக்கு மாமா கொடுத்தது பத்தரை ரூபாய். குளிர்காலத்துல அதே யூனிட் ரூ.4.70. இந்த அட்டவணைப்படி அவர் வருஷ பில் ரூ.14,351. அதுல ஏப்ரல்–மே மட்டும் ரூ.4,980.

சோலார் யூனிட் கழியும்போது மேல இருக்கிற விலை உயர்ந்த யூனிட்தான் முதல்ல போகும். அதனால முதல் கிலோவாட் நிறைய சம்பாதிக்கும், அடுத்தடுத்தது கம்மியா சம்பாதிக்கும். இதை மனசுல வச்சுக்கோங்க.

படி 3: ஒரு கிலோவாட் எவ்வளவு தரும்?

நம்ம பகுதிக்கு ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு சராசரி 4 யூனிட்னு வைக்கலாம். இரண்டு மாசத்துக்கு 240. வடகிழக்குப் பருவமழை மாசத்துல இதைவிடக் குறையும், பிப்ரவரி–மார்ச்ல கூடும்.

"மே மாச வெயில்ல இன்னும் நிறைய வருமே?" என்று மாமாவும் கேட்டார். வராது. பேனலோட திறன் 25 டிகிரி செல் வெப்பநிலையில அளந்தது. மே மதியம் மொட்டை மாடியில பேனல் சூடு 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். கணக்குப் பாருங்க, பத்து சதவீதத்துக்கு மேல சூட்டிலேயே போயிடும். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்ல. அதனால தரையோட ஒட்டி வைக்காம, அடியில காத்து போற மாதிரி ஸ்டாண்டு போடச் சொல்லுங்க.

சாய்வு தெற்கு பார்த்து 10 டிகிரி அளவு போதும். பெரம்பலூரும் அரியலூரும் 11 டிகிரி அட்சரேகையில இருக்கு. ஏப்ரல் மூணாவது வாரம் சூரியன் நம்ம உச்சந்தலைக்கு மேல வந்துடும்.

அரியலூர்காரங்களுக்கு இன்னொண்ணு. சிமெண்ட் ஆலைப் பக்கமோ, சுண்ணாம்புக்கல் லாரி ஓடுற ரோட்டோரமோ வீடு இருந்தா தூசி சீக்கிரம் படியும். அது பனி ஈரத்துல இறுகிடுச்சுன்னா வெறும் தண்ணிக்குப் போகாது. வாரம் ஒருமுறை காலையில, பேனல் சூடாகுறதுக்கு முன்னாடி கழுவுங்க. கைக்கு எட்டுற மாதிரி வழி விட்டுப் போடச் சொல்லுங்க.

படி 4: ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் தனிக் கணக்கு

பிஎம் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில வந்தது. மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்கு தலா ரூ.30,000, மூணாவதுக்கு ரூ.18,000. அதோட ரூ.78,000ல நின்னுடும். நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் ஒரு ரூபாய் கூடக் கிடையாது.

கிலோவாட்டுக்கு ரூ.65,000 என்று ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். உங்க கொட்டேஷன் எண்ணை அந்த இடத்துல போட்டுக்கோங்க. நெட் மீட்டர்ல ஒரு பில்லில் மிஞ்சினது அடுத்த பில்லுக்குப் போகும். இதர சின்னக் கட்டணங்களை இங்க சேர்க்கல.

- முதல் கிலோவாட்: வருஷ பில் ரூ.14,351ல இருந்து ரூ.5,220 ஆகுது. மிச்சம் ரூ.9,131. கைக்காசு ரூ.35,000. நாலு வருஷத்துக்குள்ள போட்ட காசு வந்துடும்.
- இரண்டாவது: பில் ரூ.1,128 ஆகுது. கூடுதல் மிச்சம் ரூ.4,092. கைக்காசு இன்னொரு ரூ.35,000. எட்டரை வருஷம்.
- மூணாவது: பில் பூஜ்யம். ஆனா கூடுதல் மிச்சம் வெறும் ரூ.1,128. கைக்காசு ரூ.47,000. நாற்பது வருஷத்துக்கு மேல!
- நாலாவது, அஞ்சாவது: பில் ஏற்கனவே பூஜ்யம். இன்னும் எதைக் குறைக்கிறது?

இப்போ அந்த அஞ்சு கிலோவாட் கொட்டேஷனைப் பாருங்க. மானியம் போக ரூ.2,47,000. இரண்டு கிலோவாட்னா ரூ.70,000. வித்தியாசம் ரூ.1,77,000. அதுக்குக் கிடைக்கிற கூடுதல் லாபம் வருஷத்துக்கு ரூ.1,128.

"பில்லே வராது"ங்கிற ஒரு வார்த்தைக்கு இவ்வளவு விலையான்னு மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

"மிஞ்சின கரண்டை விக்கலாமே?" என்பாங்க. நாம வாங்குற விலை அதுக்குக் கிடைக்காது, அதை நம்பிப் பெருசாப் போடாதீங்க. இன்னொண்ணு, மிச்ச யூனிட் கணக்கு எந்த மாசம் முடியுதுன்னு உங்க மின்வாரிய பிரிவு அலுவலகத்துல கேட்டுக் குறிச்சு வையுங்க. அது கோடைக்கு முன்னாடி முடிஞ்சா, குளிர்காலத்துல சேர்த்த யூனிட் ஏப்ரலுக்கு உதவாது.

படி 5: சோலாருக்கு முன்னாடி ஃபேனைப் பாருங்க

பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவுதான். நாலு ஃபேன் நாளைக்கு 15 மணி நேரம் ஓடினா இரண்டு மாசத்துல 162 யூனிட் மிச்சம். மாமாவோட ஏப்ரல்–மே பில்லில் அதோட மதிப்பு சுமார் ரூ.1,550. ஒரே பில்லில்! ஃபேனுக்கு ரூ.3,000 வீதம் ரூ.12,000 ஆகும்.

ஏசியை 18ல வைக்காம 26ல வச்சு ஃபேனையும் ஓட விடுங்க. மொட்டை மாடிக்கு வெள்ளை அடிங்க. முதல்ல தேவையைக் குறைச்சுட்டு அப்புறம் சோலார் அளவைப் பாருங்க. வரிசை மாறினா நஷ்டம் நமக்குத்தான்.

கையெழுத்துக்கு முன்னாடி நாலு விஷயம்

1. ஆன்-கிரிட் சோலார் கரண்ட் போனா நின்னுடும், நல்ல வெயில் அடிச்சாலும். லைன்ல வேலை செய்றவங்க பாதுகாப்புக்காக இன்வெர்ட்டர் தானா அணைஞ்சிடும். கரண்ட் கட்தான் உங்க பிரச்சனைன்னா பேட்டரி கணக்கு வேற, விலையும் வேற.

2. மானியம் முன்கூட்டி வராது. முழுப் பணம் கட்டி, பிளான்ட் ஓட ஆரம்பிச்ச பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். இரண்டு கிலோவாட்டுக்கு முதல்ல ரூ.1,30,000 கையில வேணும்.

3. கடன் வாங்கினா இஎம்ஐயை மே மாச பில்லோட ஒப்பிடாதீங்க. வருஷ மிச்சம் ரூ.13,223ஐ 12ஆல் வகுத்தா மாசம் சுமார் ரூ.1,100. இஎம்ஐ அதுக்குள்ள இருக்கணும்.

4. சோலார் பேனலுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12ல இருந்து 5 சதவீதம் ஆயிடுச்சு. பழைய ரேட்ல கொட்டேஷன் வந்தா திருப்பிக் கேளுங்க.

மாமா என்ன செஞ்சார்?

முதல்ல நாலு ஃபேனையும் மாத்தினார். அப்புறம் இரண்டு கிலோவாட்டுக்கு விண்ணப்பம் போட்டார். அடுத்த வருஷம் பொண்ணு ரூமுக்கு இன்னொரு ஏசி வரலாம்னு சொன்னதால, மூணாவது கிலோவாட்டுக்கு மாடியில நிழல் விழாத இடம் மட்டும் ஒதுக்கி வச்சிருக்கார். தேவை வந்தா அப்போ இதே கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்போம்.

உங்க வீட்டுக்கு எண் மாறும். இரண்டு ஏசி, கிரைண்டர், தையல் மெஷின்னு வருஷம் முழுக்க ஓடுற வீட்டுக்கு மூணு கிலோவாட்டே சரியா இருக்கலாம். ஆனா கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: "இந்தக் கூடுதல் ஒரு கிலோவாட் எனக்கு வருஷத்துக்கு எவ்வளவு மிச்சம் பண்ணும்?" அதுக்கு ரூபாயில பதில் சொல்ல முடியாதவர்கிட்ட அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

ஆறு பில்லையும் இன்னைக்கே எடுத்து வையுங்க. அடுத்த வீடியோவுல பேட்டரி போடலாமா வேண்டாமான்னு கணக்கோட பார்ப்போம்.