பாலர் பள்ளியிற் பற்பேணல்

பாற்பல் விழுந்து போவதுதானே, அதற்கு இத்துணைக் கவலை எதற்கு என்று வினவும் தாய்மாரை நாம் எங்கும் காண்கிறோம். கற்றறிந்த தந்தையரும் இவ்வினாவையே சிறிது நாகரிகமான சொற்களாற் கேட்கின்றனர். இடிக்கப்போகும் வீட்டுக்கு வெள்ளையடிப்பார் உண்டோ என்பது அவர்தம் கருத்து. இக்கருத்துப் பிழையென்பதையும், இதனால் விளையும் துன்பத்தைத் தடுத்தற்கு ஏற்ற இடம் மருத்துவசாலையினும் பாலர் பள்ளியே என்பதையும் இக்கட்டுரையிற் காட்டப் புகுகின்றோம்.

குழந்தைக்கு ஆறாந்திங்களளவில் முதற் பல் முளைக்கின்றது. ஏறக்குறைய இரண்டரை வயதில் இருபது பாற்பற்களும் வந்தமைகின்றன. இவற்றுள் முன்பற்கள் ஆறேழு வயதில் விழத்தொடங்குதலின், எல்லாப் பற்களும் அவ்வாறே எனப் பெற்றோர் எண்ணிவிடுகின்றனர். உணவை மெல்லுதற்குரிய பாற்கடைவாய்ப் பற்களோ பத்து முதற் பன்னிரண்டு வயதுவரை நிற்பன. நான்கு வயதில் அப்பல்லொன்று சொத்தையுற்றால், அக்குழந்தை அதனை ஆறேழு ஆண்டு சுமந்து திரிய வேண்டும். அன்றேல் பிடுங்குவிக்க வேண்டும். பிடுங்கினாலோ, பக்கத்துப் பற்கள் வெற்றிடத்திற் சாய்ந்து, பின்வரவேண்டிய நிலைப்பல்லின் வழியை அடைத்துவிடுதலும் உண்டு. மேலும், பாற்பல்லின் மேற்போர்வையாகிய எனாமல் நிலைப்பல்லினதினும் மெல்லியது. உள்ளிருக்கும் உயிர்க்கூழ் மேற்பரப்புக்கு அணித்தாயுள்ளது. ஆதலின் சொத்தை விரைவில் நரம்பை எட்டுகின்றது.

மூன்று வயதுக் குழந்தைக்குத் தன் நோவை இடஞ்சுட்டிச் சொல்லத் தெரியாது. அது சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கி மெல்லும், கடினமானதைத் தள்ளும், இரவில் விழித்தழும், பகலில் மூலையிற் சோர்ந்திருக்கும். ஆசிரியை அதனை மந்தமான குழந்தை என்பாள். தாய் அடம்பிடிக்கும் குழந்தை என்பாள். அங்கன்வாடிகளிற் குழந்தைகளின் எடையைப் பார்த்துப் பதிவேட்டிற் குறிக்கின்றனர். எடை குறையின் சத்துமாவு கொடுக்கின்றனர். நல்லதே; ஆயினும் அக்குழந்தையின் வாயைத் திறந்து பார்ப்பார் மிகச் சிலர். மெல்ல இயலாத வாய்க்கு எத்துணைச் சத்துணவு அளித்தும் யாது பயன்? இத்துன்பம் ஏதோ ஓரூருக்கு உரியதென்று கொள்ளற்க. உலகச் சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, பாற்பற் சொத்தையுடைய குழந்தைகள் உலகில் ஏறத்தாழ 51 கோடியே 40 இலட்சம் பேர்.

இனிச் சொத்தை உண்டாகும் வகையைக் காண்போம். பல்லைப் புழு அரிக்கின்றதென்று முன்னோர் நம்பினர். கண்டங்கத்திரி விதையின் புகை பிடித்தாற் புழு விழுமென்று கூறுவார் இன்றும் உளர். மெய்யான காரணம் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களேயாம். அவை பல்லின்மேல் வழவழப்பான படலமாகப் படிந்து, நாம் உண்ணும் சர்க்கரையைத் தாமும் உண்டு அமிலத்தைக் கழிக்கின்றன. அவ்வமிலம் எனாமலிலுள்ள சுண்ணச்சத்தைக் கரைக்கின்றது. உண்டபின் சிறிது நேரத்தில் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கரைந்த சத்தை ஓரளவு மீட்டும் சேர்க்கின்றது. இவ்வாறு கரைதலும் சேர்தலும் நாள்தோறும் நடக்கும் ஒரு போராட்டம். உமிழ்நீருக்கு ஓய்ந்து வேலைசெய்ய இடைவேளை கிடைத்தாற் பல் பிழைக்கும். ஓயாது இனிப்பு வந்துகொண்டிருந்தால் அது தோற்கும்.

ஆகவே, எவ்வளவு சர்க்கரை என்பதினும் எத்தனை முறை என்பதே பெரிது. இவ்வுண்மை உலகுக்குத் தெளிவான வரலாறு மனத்தை வருத்துவது. சுவீடன் தேசத்தில் லுண்ட் நகரிலுள்ள வீப்பெகொல்ம் என்னும் மனநலிவுற்றோர் விடுதியில், 1940-களின் பிற்பகுதியில், அங்கிருந்தோர்க்கு ஒட்டும் இனிப்புத் துண்டுகளை வேளைக்கு இடையிடையே கொடுத்து, அவர்தம் பற்கள் கெடுவதை ஆராய்ந்தனர். உணவோடு உண்ட சர்க்கரை செய்த கேடு சிறிது; இடைவேளையில் மென்ற ஒட்டும் இனிப்புச் செய்த கேடு மிகப் பெரிது. முடிவு 1954-இல் வெளிவந்தது. தம் இசைவைத் தெரிவிக்க இயலாத மக்களின் பல்லைக் கெடுத்துப் பெற்ற அறிவு இஃது. அதனைப் பெற்ற முறையை நாம் கண்டிக்கின்றோம். பெற்றபின் அதனைப் பயன்படுத்தாது விடுதல் அம்மக்களுக்கு இரண்டாம் முறை இழைக்கும் தீங்காகும்.

நம் பாலர் பள்ளிகளில் நடப்பதென்ன? ஒரு குழந்தையின் பிறந்தநாள் எனின் அனைவர்க்கும் மிட்டாய், அழுதால் மிட்டாய், அழுகை நின்றால் அதற்குப் பரிசாகவும் மிட்டாய். குழந்தைகள் தினத்தன்று கல்லூரிகளிலிருந்து சேவை செய்யச் செல்லும் இளைஞரும் பை நிறைய மிட்டாயோடே செல்கின்றனர் என்பதை நம் மாணாக்கர் சற்று எண்ணிப்பார்ப்பாராக. மிட்டாய்க்கு மாற்றாக ஒரு பிடி அவித்த சுண்டலோ, ஒரு வாழைப்பழமோ கொண்டு சென்றால் குழந்தைகளின் களிப்புக் குறைந்துவிடாது. வெல்லம் நாட்டுப்பொருள், அதனாற் கேடில்லை என்று வாதிப்பாரும் உளர். நுண்ணுயிர்க்கோ வெல்லமும் சீனியும் ஒன்றே. யாவற்றினும் கொடியது, சர்க்கரை கலந்த பாற்புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையை உறங்கவிடுதல். உறக்கத்தில் உமிழ்நீர் மிகக் குறைந்து சுரத்தலின், மேல்முன்பற்கள் நான்கும் முதலில் அரிக்கப்படுகின்றன. கீழ்ப்பற்களை நாவும் அதனடியில் ஊறும் உமிழ்நீரும் காத்துக்கொள்கின்றன. மேற்பற்கள் மட்டும் கரைந்து அடிக்கட்டையாய் நிற்கும் குழந்தையைக் கண்டால், ஆசிரியை அதன் இரவுப் புட்டியைப் பற்றித் தாயிடம் மெல்ல விசாரித்தல் தகும்.

இனிப் பல்துலக்கல். நம் நாட்டார்க்கு இது புதிதன்று. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஆசாரக்கோவை காலையிற் பற்கோலால் துலக்குதலை ஒழுக்கங்களுள் ஒன்றாக வகுத்துள்ளது. ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் புகழும் பழமொழியை அறியாதார் இலர். ஆனாற் குச்சியை மென்று தூரிகையாக்கும் வலிமை மூன்று வயதுக் குழந்தைக்கு இல்லை. செங்கற்பொடியும் கரித்தூளும் எனாமலைத் தேய்ப்பன. புகையிலை கலந்த பற்பொடியை 1992-ஆம் ஆண்டிலேயே இந்திய அரசாங்கம் தடைசெய்தது. குழந்தைக்கு ஏற்றது மெல்லிய மயிருடைய சிறு தூரிகையும் புளுரைடு கலந்த பற்பசையுமே. புளுரைடு, கரைந்த எனாமல் மீண்டும் இறுகுதற்குத் துணைசெய்து, அமிலத்தைத் தாங்கும் வலிவையும் தருகின்றது. உலகச் சுகாதார நிறுவனம் இப்பற்பசையை 2021-இல் இன்றியமையாத மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது.

பள்ளியிற் பல்துலக்குவித்தலாற் பயனுண்டோ என்று ஐயுறுவார்க்கு ஸ்காட்லாந்து தேசம் விடை கூறும். அங்கே 'சைல்டுஸ்மைல்' என்னும் திட்டத்தின்கீழ், பாலர் பள்ளிகளில் ஆசிரியையின் மேற்பார்வையிற் குழந்தைகள் நாள்தோறும் ஒருமுறை பல்துலக்குகின்றனர். 2003-இல் அங்குத் தொடக்கப் பள்ளியிற் சேர்ந்த சிறுவருள், வெளிப்படையான சொத்தையற்றோர் நூற்றுக்கு 45 பேர். 2018-இல் 71 பேர். இம்மாற்றம் முழுதும் துலக்கலால் மட்டும் வந்ததன்று. பிற உதவிகளும் உடனிருந்தன. ஆயினும் பெரும்பங்கு அதற்கே உரியதென்று கருதுகின்றோம். குளிர்ந்த அந்நாட்டிற் செய்ததை, 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்வழி ஏறத்தாழ 54,000 அங்கன்வாடிகளைப் பெற்றுள்ள தமிழ்நாடு செய்யலாகாதோ?

செய்முறை எளிது, கவனமே வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தூரிகை. அதிற் பெயரெழுதினாற் குழந்தை படிக்காது, ஆதலிற் கிளி, மயில், பந்து என ஒரு படம் ஒட்டுக. தூரிகைகள் ஒன்றோடொன்று உராயாமல் நிமிர்ந்து நின்று காற்றில் உலர வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்டார்க்கு அரிசியளவு பசை. அதற்கு மேற்பட்டார்க்குப் பட்டாணியளவு. விளம்பரப் படங்களில் தூரிகை முழுதும் அலைபோல் வழியவிடுவது வணிகர் சாமர்த்தியம். பட்டாணியளவு என்பது ஏறத்தாழக் கால் கிராம். நூறு கிராம் குழாய் ஒன்று இருபத்தைந்து குழந்தைகளுக்குப் பதினாறு நாட்களுக்கு வரும். குழாயின் வாயைத் தூரிகைகளில் நேரே தொடுவித்தல் கூடாது. சுத்தமான தட்டின் விளிம்பிற் புள்ளி புள்ளியாக வைத்து, அவரவர் தூரிகையால் எடுக்கச் செய்க. துலக்கியபின் நுரையைத் துப்பினாற் போதும். மும்முறை நீர்விட்டுக் கொப்புளித்துப் பழகிய நமக்கு இஃது அருவருப்பாகவே தோன்றும். ஆனாற் கொப்புளித்தாற் புளுரைடும் உடன்போய்விடுகின்றது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறாது செல்லல் இயலாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரிலேயே புளுரைடு மிகுந்துள்ளது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரை நெடுநாட் பருகின், உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பற்களிற் பழுப்புக் கறை படியும். மிக மிகுந்தால் எலும்பும் கெடும். அவ்வின்னல் தீரவே, ஜப்பானிய நிதியுதவியோடு, காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-இற் செயற்பட்டது. பாலர் பள்ளியிற் பயிலும் வயதே நிலைப்பற்கள் ஈற்றினுள் உருவாகும் வயதுமாம். ஆதலின் அப்பகுதி ஆசிரியைகள், குழந்தைகள் பருகுவது ஆற்று நீரோ ஆழ்துளைக் கிணற்று நீரோ என முதலில் அறிந்து, கிணற்று நீராயின் அதனைச் சோதிப்பித்து, பற்பசையைப் பற்றி மருத்துவரைக் கேட்டே தொடங்குக. எங்காயினும் பசையைப் பெரியவரே எடுத்து வைத்தலும், குழந்தை அதனை விழுங்காது துப்பப் பழக்குதலும் வேண்டும். இனிப்பாயிருத்தலின் பசையையே தின்னும் பிள்ளைகள் உண்டென்பதை ஆசிரியைகள் நன்கறிவர்.

துலக்குவித்தலோடு, திங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு குழந்தையின் மேலுதட்டையும் விரலால் உயர்த்திப் பார்த்தலும் ஆசிரியைக்கு அரிதன்று. ஈற்றை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போன்ற வெண்மை தோன்றின் அதுவே சொத்தையின் முதற்படி. அந்நிலையில் இனிப்பைக் குறைத்துப் புளுரைடு பசையால் ஒழுங்காகத் துலக்கின் கேட்டை நிறுத்தலாம். சில போது பழைய நிலைக்கும் மீட்கலாம். பழுப்பாகிக் குழிவிழுந்தபின் மருத்துவரன்றிப் பிறர் செய்யக் கூடியதில்லை. 2013-இல் தொடங்கிய சிறுவர் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து சோதிக்கக் கடமைப்பட்டவர். அவர்கள் காணவேண்டிய நோய்களுட் பல்நோயும் ஒன்று. ஆசிரியை வெண்கோடும் குழியும் கண்ட குழந்தைகளின் பெயரை முன்னரே குறித்து வைத்திருப்பின், அவர்தம் குறுகிய வருகை வீண்போகாது.

ஐந்து வயது நிரம்பிய குழந்தை அங்கன்வாடியை விட்டுத் தொடக்கப் பள்ளிக்குச் செல்கின்றது. அடுத்த ஆண்டிலேயே, ஒரு பல்லும் விழாமல், பாற்பல் வரிசைக்கு அப்பால், முதல் நிலைக்கடைவாய்ப் பல் ஓசையின்றி முளைக்கின்றது. எதுவும் விழாது முளைத்தலின் தாய் அதனையும் பாற்பல் என்றே எண்ணுகின்றாள். அது சொத்தையானாலும் விழுந்து முளைக்குமென்று வாளாவிருக்கின்றாள். ஆதலின் ஆசிரியை, குழந்தையை விடைகொடுத்தனுப்பும் நாளில் தாயை அருகழைத்து, குழந்தையின் வாயைத் திறக்கச் செய்து அவ்விடத்தைச் சுட்டி, "அம்மா, இங்கே மேலிரண்டும் கீழிரண்டுமாக நான்கு பற்கள் வரும், அவை விழுந்து முளைப்பன அல்ல" என்று சொல்லியனுப்புவாளாக.