கணக்கைத் தேடினால் கடை ஏன் வருகிறது?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் பழைய மடிக்கணினிகளுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறேன். என்னிடம் வருபவற்றில் பாதிக்கு மேல், 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்தவை. விண்டோஸோடு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பிள்ளை படித்து முடித்ததும் மடிக்கணினி அப்பாவின் விவசாயக் கணக்குக்கோ கடை பில்லுக்கோ போய்விடும். விண்டோஸ் திணறத் தொடங்கியதும் உபுண்டு லினக்ஸ் போடச் சொல்வார்கள்.

உபுண்டு 14.04 போட்டுக்கொண்டிருந்த காலத்தில், செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் போடும் ஒரு பெரியவர் கேட்டார்: "ஏன் தம்பி, என் கணக்கைத்தானே தேடுறேன். இது எதுக்குச் சாமானெல்லாம் காட்டுது?" ஃபைல் பெயருக்காக 'ஆனியன்' என்று ஆங்கிலத்தில் தட்டியிருக்கிறார். கணக்கோடு சேர்த்து, இணையத்தில் விற்கும் பொருள்களும் வரிசையாக வந்து நின்றன.

அவர் கேட்டதை உலகமே கேட்டது. 2012 அக்டோபரில் வந்த உபுண்டு 12.10இல்தான் இது தொடங்கியது. உபுண்டுவின் அப்போதைய முகப்பான யூனிட்டியில், டாஷ் என்ற தேடல் பெட்டியில் தட்டும் எழுத்துகள் உபுண்டுவை உருவாக்கும் கனோனிக்கல் நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். அங்கிருந்து அமேசான் பொருள்கள் திரும்பி வரும். யாராவது வாங்கினால் கனோனிக்கலுக்குக் கமிஷன். பயனர் யார் என்பதை அமேசானுக்குச் சொல்வதில்லை என்று நிறுவனம் விளக்கியது. ஆனாலும் அதே ஆண்டு டிசம்பரில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் இதை உளவு மென்பொருள் என்றே அழைத்தார். அவர் சொன்னது சரி என்பதே என் கருத்து. அரியலூரில் சிமென்ட் ஆலைக்கு லாரி ஓட்டுபவர் வாடகை பில்லைத் தேடுவார். வீட்டில் ஒருவர் ரத்தப் பரிசோதனை அறிக்கையைத் தேடுவார். தன் வீட்டு அலமாரியைத் திறப்பதற்கு ஊருக்குச் சொல்லிவிட்டா திறக்கிறோம்? டேட்டா கார்டில் ஒரு ஜிபியை மாதம் முழுக்க வைத்துச் சமாளித்த நாள்கள் அவை. கேட்காத பொருளின் படத்துக்கும் காசு போனது.

நிறுத்துவது எளிது. யூனிட்டி உள்ள பழைய உபுண்டுவில் சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் 'செக்யூரிட்டி அண்ட் பிரைவசி' போய், 'சர்ச்' பகுதியில் இணைய முடிவுகளைச் சேர்க்கும் பொத்தானை அணைத்தால் போதும். 2016இல் வந்த 16.04இல் இது அணைத்தே வந்தது. 17.10 முதல் யூனிட்டிக்குப் பதில் க்னோம் வந்துவிட்டது. மிகப் பழைய மெஷின் என்றால் நான் உபுண்டுவின் இன்னொரு வகையான சுபுண்டுதான் போடுவேன். எடை குறைவு, அதில் இந்தக் கடை வந்ததே இல்லை.

க்னோமிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். செட்டிங்ஸில் 'சர்ச்' திறந்தால், எந்தெந்தச் செயலிகள் முடிவு தரலாம் என்ற பட்டியல் இருக்கும். மென்பொருள் கடையை அதில் அணைத்துவிட்டால், நிறுவாத செயலிகளின் பெயர்கள் தேடலில் வந்து நிற்காது. ஃபயர்பாக்ஸை மறக்காதீர்கள். முகவரிப் பட்டையில் தட்டத் தட்ட எழுத்துகள் தேடுபொறிக்குப் போகும். அதன் செட்டிங்ஸில் 'சர்ச்' பக்கத்தில் பரிந்துரைகளுக்கான டிக்கை எடுத்துவிட்டால், என்டர் தட்டிய பிறகுதான் தேடும். விண்டோஸ் 10, 11இல் ஸ்டார்ட் மெனுவில் தட்டினாலும் பிங் முடிவுகள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். லினக்ஸில் அணைக்கும் இடம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கிறது. அதற்காகவே இதை விட்டு நான் போகவில்லை.

அணைத்தது உண்மையாகவே அணைந்ததா என்று பார்க்க ஒரு வழி. பிரவுசரை மூடிவிட்டு, 'சிஸ்டம் மானிட்டர்' திறந்து 'ரிசோர்சஸ்' பகுதியில் நெட்வொர்க் கோட்டைக் கவனியுங்கள். அப்டேட் எதுவும் ஓடாத நேரமாக இருக்கட்டும். தேடல் பெட்டியில் சில சொற்களைத் தட்டுங்கள். தட்டும்போதெல்லாம் கோடு எழும்பினால், இன்னும் ஏதோ ஒன்று வெளியே பேசிக்கொண்டிருக்கிறது.

பிறருக்கு லினக்ஸ் போட்டுக் கொடுக்கும் நண்பர்களே, மெஷினைக் கையில் கொடுக்கும் முன் இந்த இடங்களை நீங்களே அணைத்துவிடுங்கள். எங்கே அணைத்தீர்கள் என்பதை உரியவருக்குக் காட்டிவிடுங்கள். இணைய முடிவு வேண்டும் என்று நினைத்தால் அவரே திறந்துகொள்ளட்டும்.