இத்தாலியில் ரசீதைப் படிக்கக் கற்போம்

ரோம், புளோரன்ஸ், லிகூரியக் கடற்கரை எனச் சுற்றுலாவிற்குத் திட்டமிடும்போது, விமானக் கட்டணத்தையும் விடுதி வாடகையையும் நாம் முன்கூட்டியே கணக்கிட்டுவிடுகிறோம். அக்கணக்கை மீறச் செய்பவை பெரும்பாலும் அன்றாடச் சிறு தொகைகளே. அவற்றுட் பல ஏமாற்று அல்ல, அந்நாட்டின் வழக்கங்கள். அவற்றை அறிந்து செல்வது நலம்.

ரோம்: காப்பியும் தண்ணீரும்

இத்தாலியில் 'பார்' என்னும் பலகை காப்பிக் கடையையே பெரிதும் குறிக்கும். அங்கு நின்றுகொண்டே காப்பி அருந்துவதற்கு ஒரு விலை. மேசையில் அமர்ந்தால் வேறு விலை. புகழ்பெற்ற சதுக்கங்களில் இவ்வேறுபாடு பன்மடங்காகலாம். ஆகவே, அமருமுன் விலைப்பட்டியலைப் பார்ப்போம். தண்ணீருக்குச் செலவே தேவையில்லை. 'நாசோனி' எனப்படும் தெருக் குழாய்கள் ரோம் நகரில் 2,000-க்கும் மேல் உள்ளன. அவற்றில் வரும் நீர் குடிநீரே.

புளோரன்ஸ்: இருக்கைக்கும் கட்டணம்

இந்நகர உணவகங்களில் 'கோபெர்தோ' என்னும் தொகை ரசீதில் இடம்பெறும். இது இருக்கைக்கும் ரொட்டிக்குமாகத் தலைக்கு இவ்வளவு என வாங்கப்படுவது. ஒருவருக்கு 3 யூரோ எனில், நால்வர் குடும்பத்திற்கு உணவு வருமுன்பே 12 யூரோ சேர்ந்துவிடும். உணவுப் பட்டியலின் அடியில் இது அச்சிடப்பட்டிருக்கும். விடுதிகளிலும் இரவுக்கு இவ்வளவு என நகராட்சி வரி தனியே வசூலிக்கப்படுவதுண்டு. உஃபீசி ஓவியக்கூடத்திற்குத் திங்கட்கிழமை விடுமுறை. மாதத்தின் முதல் ஞாயிறன்று அரசு அருங்காட்சியகங்களில் அனுமதி இலவசம், கூட்டமும் மிகுதி.

கடற்கரை: ரயிலும் உணவும்

சிங்க்வே தெர்ரே எனப்படும் ஐந்து கடலோர ஊர்களையும் ரயில் பாதை இணைக்கிறது. காகிதப் பயணச்சீட்டு வாங்கினால், ஏறுமுன் நிலையத்திலுள்ள சிறு இயந்திரத்தில் அதனை முத்திரையிட வேண்டும். மறந்தால், சீட்டு கையிலிருந்தும் அபராதம் செலுத்த நேரிடும்.

திருநீற்றுப்பச்சிலையை அரைத்துச் செய்யும் பெஸ்தோ இப்பகுதியின் சிறப்பு. சைவ உணவினர் ஒன்றைக் கருத வேண்டும்: அதில் சேரும் பார்மிசான் பாலாடைக்கட்டி, கன்றின் இரைப்பையிலிருந்து பெறும் பொருளால் உறையவைக்கப்படுவது. அதனைத் தவிர்க்க விரும்புவோர் நாடெங்கும் கிடைக்கும் மரினாரா பீட்சாவை நாடலாம். தக்காளி, பூண்டு, ஒரிகானோ, ஆலிவ் எண்ணெய் மட்டுமே கொண்ட மரபான மரினாராவில், கடலைச் சுட்டும் பெயர் இருப்பினும், மீனும் இல்லை, பாலாடைக்கட்டியும் இல்லை.

அட்டையை நீட்டும்போது

கடைகளிலும் பண இயந்திரங்களிலும் 'ரூபாயா, யூரோவா?' என்னும் கேள்வி திரையில் தோன்றக்கூடும். ரூபாய் நமக்குப் பழகியதாயினும், அதனைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தை அங்குள்ள இயந்திரச் சேவையாளரே வகுப்பார். அதில் அவரது கூடுதல் கட்டணமும் அடங்கியிருக்கும். ஆதலின் யூரோவையே தேர்வோம்.

புறப்படுமுன் மூன்று செயல்கள் போதும்: அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டைச் செயல்படுத்துவோம், அதற்குரிய உச்சவரம்பை நாமே குறிப்போம், வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி விதிக்கும் கட்டணத்தைக் கேட்டறிவோம்.