பழைய நிரலும் புதிய பதிப்பும்

மக்கள் வழங்கும் மொழியில் ஒரு சொல் சிறிது திரிந்து வரினும், கேட்போர் குறிப்பினாற் பொருளுணர்வர். கணினிக்கு அவ்வுணர்வு இல்லை. ஆதலின், ஒரு நிரல்மொழியின் விதிகளை மாற்றப் புகுவோர், முன்னர் எழுதப்பட்ட நிரல்கள் பழுதின்றி இயங்குமோ என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும். பழையதோடு ஒத்துச் செல்லும் இவ்வியல்பின் அருமையை உணர்தற்குப் பைத்தான் மொழியின் வரலாறே சாலும்.

ஹாலந்து தேசத்தவராகிய கைடோ வான் ராஸம் என்பார் இயற்றிய இம்மொழி 1991-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் அடிப்படைக் குறைகள் சிலவற்றைக் களையும் பொருட்டு, 2008-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வெளியான மூன்றாம் பதிப்பில், பழைய நிரல்களோடுள்ள இணக்கத்தை அறிந்தே கைவிட்டனர். அம்மாற்றங்களுள் மூன்றை ஈண்டு நோக்குவோம்.

முதலாவது, 'பிரிண்ட்' என்னும் கட்டளையை அடுத்து அடைப்புக்குறி இன்றியமையாததாயிற்று. பழைய வடிவில் எழுதிய நிரல் இயங்காது நின்று பிழையை அறிவிக்கும், திருத்துதல் எளிது.

இரண்டாவது, 7-ஐ 2-ஆல் வகுப்பின் முன்னர் 3 என விடை வந்தது; மூன்றாம் பதிப்பிலோ 3.5 என வரும். இங்கே நிரல் நில்லாது ஓடும். விடை மட்டும் வேறாகும். வாய்விட்டு முறையிடும் பிழையினும் வாய் திறவாப் பிழையே கொடியது என்பதை இதனால் அறிகின்றோம்.

மூன்றாவது, எழுத்துத் தொடர்கள் யூனிகோடு முறையைத் தழுவின. 'தமிழ்' என்னும் சொல்லின் நீளம் யாதென வினவின், யூடிஎப்-8 முறையில் அமைந்த சாதாரணத் தொடருக்கு இரண்டாம் பதிப்பு பைட்டுகளை எண்ணி 15 என்னும். மூன்றாம் பதிப்பு யூனிகோடு குறிகளை எண்ணி 5 என்னும். நாம் எழுத்து மூன்றே என்போம். இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுதலால் ஐந்தாயின. நம் மொழி போன்றவற்றைக் கையாளுதற்கு இம்மாற்றம் பெருநன்மை பயந்தது என்பதில் ஐயமில்லை.

எனினும், நன்மை விரைவில் எய்தவில்லை. பழைய நிரல்களைப் பெயர்த்தெழுத உதவும் கருவியொன்று அளிக்கப்பட்டும், பலர் தயங்கினர். இரண்டாம் பதிப்பின் ஆதரவை 2015-இல் நிறுத்தக் கருதியவர்கள், 2014-ஆம் ஆண்டில் அதனை 2020 வரை நீட்டித்தனர். இடையே, மூன்றாம் பதிப்பில் நீக்கிய யூனிகோடு முன்னொட்டு ஒன்றை, பெயர்த்தெழுதுவோர் இடர் தீர 2012-இல் மீளவும் சேர்த்தனர். 2020 ஜனவரி முதல் நாளில் பழைய பதிப்பின் ஆதரவு முடிவுற்றது.

சீர்திருத்தம் வேண்டுவதே; ஆயினும், பழையதை நம்பி உழைத்தோர் கடந்து வருதற்குப் பாலமும் காலமும் அளித்தல் சீர்திருத்துவோர் கடமையாம். மாணவர்களும், புதிய பதிப்பிற்கு மாறும்போது, நிரல் ஓடுகின்றது என்பதனோடு அமையாது, விடை தெரிந்த கணக்குகளைக் கொடுத்துச் சோதித்தறிதல் நலம்.