எழுபது வளைவுக்கு முன்னால் ஏழு ஏற்பாடு



அடுத்த மாதம் நாம் கொல்லிமலைக்குச் சுற்றுலா போகிறோம். என்ன டிரெஸ் போடுவது, யார் பக்கத்தில் யார் உட்காருவது என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். மலை ரோட்டுக்கு எப்படித் தயாராவது என்று யாரும் பேசவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஏழாவது படிக்கும்போது ஏற்காடு சுற்றுலா போனார்கள். நான் காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன். எனக்குக் காய்ச்சலே இல்லை. பஸ்ஸில் வாந்தி எடுத்தால் எல்லோரும் சிரிப்பார்களே என்று பயம். மறுநாள் எல்லோரும் கதை கதையாகச் சொன்னார்கள். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இந்தத் தடவையும் சிலர் "நாங்க வரலை"ன்னு சொல்றாங்க. காரணம் எனக்குத் தெரியும். யார் என்று எழுத மாட்டேன்.

ஏன் இத்தனை வளைவு?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலை ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நேராக ரோடு போட்டால் என்ன? நெல் மூட்டையை லாரியில் ஏற்ற சாய்வாகப் பலகை போடுகிறோம் அல்லவா? பலகை நீளமாக இருந்தால் ஏற்றுவது சுலபம். அதுதான் சாய்தளம். மலையில் நேராகப் போட்டால் வண்டி ஏற முடியாத செங்குத்தாகிவிடும். அதனால் ரோட்டை மடித்து மடித்து நீளமாக்கியிருக்கிறார்கள்.

ஏன் வாந்தி வருகிறது?

நம் காதுக்குள் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றில் திரவம் இருக்கிறது. பஸ் திரும்பும்போது அந்தத் திரவம் அசைந்து, "நாம திரும்புறோம்" என்று மூளைக்குச் சொல்கிறது. ஆனால் கண் முன்சீட்டையே பார்த்துக்கொண்டு, "நாம சும்மாதான் உட்கார்ந்திருக்கோம்" என்று சொல்கிறது. இரண்டு சேதியும் ஒத்துப்போகாததால் மூளை குழம்புகிறது. குமட்டல் வருகிறது. எனவே வாந்தி வருவது அசிங்கமும் இல்லை, பலவீனமும் இல்லை. இது தெரிந்திருந்தால் நான் அன்று பொய் சொல்லியிருக்க மாட்டேன்.

ஏறுவதை விட இறங்குவது கஷ்டம்

என் அப்பா லாரி டிரைவர். "மலையில எது கஷ்டம்பா?" என்று கேட்டேன். "ஏறின கியர்லயே இறங்கோணும் கண்ணு. நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்னு நெனைக்கறவன் உசுர வெச்சு விளையாடறான்" என்றார்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் பஸ்ஸும் நாமும் சேர்ந்து 10 டன், அதாவது 10,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உயரம் சுமார் 1000 மீட்டர். நிலை ஆற்றல் = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம். 10,000 × 10 × 1000 = 10 கோடி ஜூல்! இந்த ஆற்றலில் 30 டிகிரியில் இருக்கிற சுமார் 340 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகலாம். குடத்தில் அளந்தால் இருபது குடத்துக்கு மேல்! பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் இந்த வெப்பத்தில் பெரும்பகுதி பிரேக்கில்தான் இறங்கும். பிரேக் அதிகமாகச் சூடானால் சரியாகப் பிடிக்காது. சின்ன கியரில் வந்தால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்.

இனி ஏழு ஏற்பாடு:

1. காலையில் இரண்டு இட்லி போதும். பூரி, வடை வேண்டாம். வெறும் வயிற்றோடும் வராதீர்கள்.

2. குமட்டல் வருபவர்களுக்கு முன்பக்க சீட் கொடுப்போம். ஜன்னல் வழியே தூரத்து மலையைப் பார்க்க வேண்டும். புத்தகம், செல்போன் பார்க்கக் கூடாது. மாத்திரை போடுவதென்றால் டாக்டரிடம் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும்.

3. ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, கெட்டியான இரண்டு காகிதப் பை. எலுமிச்சம்பழம் முகர்ந்தால் சிலருக்கு நன்றாக இருக்கும்.

4. ஒரு ஸ்வெட்டர். 1000 மீட்டர் மேலே போனால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும்.

5. காது அடைத்தால் பயப்படாதீர்கள். மேலே காற்றழுத்தம் குறைவு. எச்சில் விழுங்கினால் சரியாகும்.

6. கையையும் தலையையும் வெளியே நீட்டக் கூடாது. குரங்குக்குத் தின்பண்டம் போடக் கூடாது. போட்டால் அது ரோட்டுக்கே வந்து நிற்கும், வண்டியில் அடிபடும்.

7. "வேகமா போங்கண்ணா" என்று டிரைவர் அண்ணாவிடம் கத்தக் கூடாது. பிரேக் ஆற வண்டியை நிறுத்தினால் முணுமுணுக்கக் கூடாது. குறுகலான இடத்தில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. அப்போதும் பொறுமையாக இருப்போம்.

ஒரு சின்ன சோதனை: காற்றடைத்த சிப்ஸ் பாக்கெட் ஒன்றைப் பிரிக்காமல் கொண்டு வாருங்கள். அடிவாரத்திலும் மேலேயும் தொட்டுப் பாருங்கள். மேலே போனதும் உப்பியிருக்கும். ஏன் என்று மேலே உள்ள ஏழில் விடை இருக்கிறது, கண்டுபிடியுங்கள்! காலி பாக்கெட்டைத் திரும்பக் கொண்டு வந்துவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. யாருக்காவது வாந்தி வந்தால் சிரிக்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டுங்கள். அது நானாகவும் இருக்கலாம். நான் பெயர் கொடுத்துவிட்டேன். "வரலை" என்று சொன்னவர்களும் டீச்சரிடம் பெயர் கொடுங்கள். முன்சீட்டில் என் பக்கத்தில் இடம் இருக்கிறது.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி