விழிப்பே முதல் அரண்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் அன்றாட வாழ்க்கை விடியுமுன்னரே தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறுமுன் இரப்பர் மரம் சீவினால்தான் பால் நன்கு வடியும். பள்ளிப் பேருந்துக்குச் செல்லும் மாணவரும் செம்பனை மரங்களுக்கிடையே இருட்டில் நடக்க நேரிடும்.

அவ்வேளையில் துணையோடு செல்லுதல் நன்று. கைப்பேசியில் மூழ்கிவிடாமல் சுற்றுமுற்றும் கவனித்தல் வேண்டும். சிலம்பத்தில் கம்பு சுழற்றுவதோடு காலடியும் கற்பிக்கப்படுகிறது. அடி படாமல் விலகுவதும் தற்காப்பே. ஆகவே, எவரேனும் பின்தொடர்ந்தால் உரக்கக் கத்தி, ஆள் இருக்கும் இடத்திற்கு ஓடுவது கோழைத்தனமன்று. பையைப் பறித்தால் விட்டுவிடலாம், உயிரே பெரிது.

ஆபத்து நேர்ந்தால் 999 எண்ணை அழைக்கலாம். அச்சுறுத்துபவர் தெரிந்தவராயினும், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மறைக்காமல் கூற வேண்டும். 15999 எனும் ‘தாலியான் காசே’ எண்ணிலும் உதவி கிட்டும். மௌனம் தீங்கிழைப்பவருக்கே துணைபோகும்.